தண்ணிக்கோடு

இல்ல மிஸ், அந்தச் சாக்கு மேல குந்தாதீங்க, ஈரம். இந்தாங்க, என்னோட படங்கு காஞ்சுதான் இருக்கு, இத விரிச்சுக்கங்க. ஆ, அப்பிடித்தான். சப்பாத்தெல்லாம் கழட்ட வேணாம். காலை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிறாதீங்க. கேமரா மாட்டியிருக்கே, அந்த இரும்புப் பைப்பு, அதுல ஒங்க விரல்கூடப் படக்கூடாது. ஏன்னு சொல்றேன். அதுக்குத்தானே கூட்டியாந்தேன்.

பத்தே நிமிஷம் மிஸ். நானும் மணி பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மூணு அடிக்கப் போவுது, நாலு மணிக்கு லொறி. ஸ்கூல் ஹோல்ல பன்னெண்டு நாளா பாயில கெடந்த பதினெட்டுக் குடும்பமும் சட்டி பானையக் கட்டி வச்சிட்டு ஒங்க கையெழுத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க அந்தக் கடுதாசியில ஒரு கோடு இழுத்தா எல்லாம் லயத்து வீட்டுக்குத் திரும்பும். இழுக்கலன்னா அங்கயே கெடக்கும். எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரு சுரேசும் அங்கதான் நிக்கிறாரு, ரைஸ் குக்கரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. ஊரு உலகத்துல என்ன சரிஞ்சாலும் அந்தாளுக்கு அந்தக் குக்கரு சரியக்கூடாது.

சிரிச்சிட்டீங்க. நல்லது. பதுளையிலருந்து மண்சரிவு பாக்க வர்றவங்க சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்குறேன்.

நானா? விஜயலெட்சுமி. அப்பிடிச் சொன்னா இந்த மேக்கணக்கு டிவிசன்ல யாருக்கும் தெரியாது. குருவி விஜின்னு கேளுங்க, நாயி கூட வழி காட்டும். கோயில் திருவிழாவுல மைக்கப் புடிச்சு தோட்டத்துத் தொரை மாதிரி, கணக்கப்புள்ள மாதிரி, கொழுந்து நிறுக்குற தராசு மாதிரி எல்லாம் பேசிக் காட்டுறது நான்தான். தராசு பேசுமா? பேசும் மிஸ், எங்க தோட்டத்துத் தராசு எப்பவும் ரெண்டு கிலோ கொறைச்சுத்தான் பேசும்.

மெதுவா பேசணுமான்னா, ஆமா, இந்தக் குடிலுக்குள்ள வந்தா மெதுவாத்தான். உரச்சாக்கும் தேயிலை மிலாறுக் குச்சியும் வச்சு நானே கட்டினது. அந்த ஓட்டை வழியாப் பாருங்க. மலை ஊத்துப் பீலியிலருந்து வழியுற தண்ணி, அந்தக் கல்லுக்குக் கீழ குட்டிக் கொளமா நிக்கிதா? அதுதான் எல்லாம். நான் வாளி தூக்கப் போன எடத்துல குருவிங்க குளிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி, பொல்கிச்சா. காலையில வேலைக்குக் கூடுற பெரட்டுக்கு முந்தி ஒரு கூட்டம், அந்தியில ஒரு கூட்டம். மத்தியானத்துலயும் ரெண்டு வந்து கழுத்த நனைச்சிட்டுப் போவும்.

இப்ப ஒன்னையும் காணோம் பாத்தீங்களா? இருங்க, கொண்டைக்குருவியக் கூப்புட்டுக் காட்டுறேன்... கேட்டீங்களா? இது என் வாயி. நான் கூப்புட்டு ரெண்டு எண்ணுறதுக்குள்ள எதுத்துக் கத்தும், அம்புட்டு ரோஷம் அதுக்கு. எண்ணுங்க. ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு... கத்தல. மூணு நாளா இப்பிடித்தான். அதை மனசுல வச்சுக்கங்க.

கேமரா எப்பிடி வந்துச்சா? திருடல மிஸ். குவைத்துல எட்டு வருஷம் வீட்டு வேலை. அந்த வீட்டுப் பெரியவரு, பாபான்னுதான் கூப்புடுவோம், அவருக்குக் குருவிப் பைத்தியம். பின்னால தோட்டத்துல ஒரு கல்லுத்தொட்டி, மேல ஒரு குழாய், சொட்டுச் சொட்டா தண்ணி விழும். பாலைவனத்துல எங்கெங்கயோ இருந்து பறந்து வர்ற குருவியெல்லாம் அந்தச் சொட்டுக்கு எறங்கும். பாபாவுக்கு முட்டி மடங்காது. அதனால தரையில படுத்துப் படம் புடிக்கிற வேலை எனக்கு. அவரு கதிரையில இருந்துக்கிட்டு கைத்தடியால என் முதுகத் தட்டுவாரு. விஜீ, தஹத், தஹத்! தஹத்னா கீழன்னு அர்த்தம். கேமராவ எறக்கு, இன்னும் எறக்கு, குருவியோட கண்ணுக்கு நேரா வா. மேல இருந்து எடுத்தா நீ முதலாளி, அது வேலைக்காரி. தண்ணி மட்டத்துக்கு எறங்கினா ரெண்டு பேரும் ஒன்னு. சொல்லிப்புட்டு என்னையவே தேத்தண்ணி போட அனுப்புவாரு, அது வேற.

சொல்றேன் மிஸ், சொல்றேன். கதையில்ல இது. படம் எப்பிடி எடுக்குறதுன்னு தெரியலன்னா நான் காட்டப் போறது ஒங்களுக்கு வெளங்காது. நாலே விஷயம். குருவி மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடணும். செவத்துல முட்டுற மாதிரி வைக்கக் கூடாது. பின்னால உள்ள மரம் மட்டையெல்லாம் தூரமா இருக்கணும், அப்பத்தான் அது கரைஞ்சு பச்சைத் துணி மாதிரி ஆவும், குருவி மட்டும் எடுப்பா நிக்கும். தண்ணிக்கோடு, அதாவது கொளத்துக்கு அந்தாண்ட கரையில தண்ணி முடியுற கோடு, அது படத்துக்கு நட்ட நடுவுல வரக்கூடாது, கொஞ்சம் மேல தள்ளி வைக்கணும், கீழ நெழலு விழ எடம் வேணும். கடைசி விஷயம்தான் பாபாவுக்கு உசிரு. அந்தக் கோடு மட்டமா இருக்கணும். ஒரு மயிரிழை சாஞ்சாலும் படத்தத் தூக்கிப் போட்டுருவாரு. பாக்குறவனுக்கு தண்ணி கொட்டிப் போயிரும்னு கண்ணு அங்கயே நிக்கும், பொறகு குருவியப் பாக்க மாட்டான். அப்பிடிம்பாரு.

நான் திரும்பி வர்றப்ப பழைய கேமராவத் தந்தாரு. வந்து மொத வேலையா இந்தப் பைப்ப நட்டேன். பாபா வீட்டுலயும் அப்பிடித்தான், அசையாத ஒரு தூணு. தெனம் தெனம் ஒரே எடத்துல ஒரே சாமான் நின்னா குருவி அதக் கல்லு மரம்னு நெனைச்சுக்கும். பயப்படாது. ரெண்டடி தோண்டி, சீமெந்து போட்டு எறக்கினது. மேல கேமரா குந்துற தட்ட பெக்டரி வெல்டிங்காரரு ஒட்டிக் குடுத்தாரு. திருகாணி கெடையாது, ஆடாது, திரும்பாது. வச்சா ஒரே பார்வைதான். அந்தக் கல்லு, அந்தத் தண்ணி, அம்புட்டுத்தான். ஒரு வருஷமா மாசத்துக்கு ஒரு நல்ல படம். பன்னெண்டு படம், பன்னெண்டு குருவி. பதுளையில ஸ்டூடியோ வச்சிருக்குற முஸ்தாக் நானா, எனக்கு அண்ணன் மாதிரி, அவருதான் அதக் கலண்டரா அடிச்சாரு.

ஆமா மிஸ். அதே கலண்டர்தான். ஒங்க பைலுக்குள்ள இருக்குல்ல? பாத்தேன், நீங்க ஜீப்ல இருந்து எறங்குறப்ப ஜனவரி மாசத்து வெள்ளைக்கண்ணி எட்டிப் பாத்துச்சு. அதத்தான் தொரை ஒங்க ஆபீசுக்குக் குடுத்திருக்காரு. எனக்குத் தெரியும், அவரு என்ன சொல்லிக் குடுத்தாருன்னும் தெரியும். இருங்க, அவரு மாதிரியே, பேச்சுக்குப் பேச்சு அந்தச் சிங்கள நே போட்டுச் சொல்றேன். மேடம், இந்த லயத்து ஆளுங்க சும்மா பயம் நே. செவுத்துல வெடிப்பு பழைய வெடிப்பு, நூறு வருஷத்துக் கட்டடம் நே. இங்க பாருங்க, லயத்துக்குப் பக்கத்துல, அதே மலையில, பன்னெண்டு மாசம், அதே கல்லு, அதே தண்ணி. ஒரு நூலு அசைஞ்சிருக்கா? இல்ல நே? சரி நே?

அவரு மாதிரியே இருந்துச்சா? அவரு சம்சாரமே ஒரு தடவை ஏமாந்து போச்சு.

அதுல தப்பும் இல்ல மிஸ், அவரு சொன்னது சரிதான். அந்தப் பன்னெண்டு படத்துல ஒரு நூலும் அசையல. தண்ணிக்கோடு பன்னெண்டுலயும் ரூல்தடி வச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஒங்களுக்கு முந்தி வந்த பெரியவரும் அதப் பாத்துட்டுத்தான் பயமில்லன்னு எழுதிட்டுப் போயிருக்காரு. இப்ப நீங்களும் அதே பைலைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க.

அதனால இப்ப கொஞ்சம் இப்பிடி வாங்க. பைப்புல படாம. குனிஞ்சு கேமராக் கண்ணாடிக்குள்ள பாருங்க. தஹத், மிஸ், தஹத். கல்லு தெரியுதா? பாசி புடிச்ச கல்லு, அதேதான். தண்ணி தெரியுதா? அந்தாண்ட தண்ணி முடியுற கோட்டப் பாருங்க. சொல்லுங்க, என்ன தெரியுது?

கோணலா இருக்கா.

எந்தப் பக்கம் எறங்கியிருக்கு? வலது பக்கமா? எம்புட்டு? ஐயையோ, கை வைக்காதீங்க மிஸ்! வைக்காதீங்கன்னேனே! நேராக்க வேணாம். அதத் தொடாதீங்க. நேராக்கவும் முடியாது, வெல்டிங். மன்னிச்சுக்கங்க, கத்திட்டேன். ஆனா பாத்தீங்களா, ஒங்க கையும் தன்னால போவுது. கோணலா எதையாவது கண்டா மனுசன் கை மொதல்ல அத நிமித்தத்தான் போவும். என் கையும் அப்பிடித்தான் போச்சு.

இல்ல, கேமரா சரிஞ்சிரல. நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். போன வருஷம் டிசம்பர்ல எடுத்த மொதப் படம் மட்டம். பெப்ரவரியில லேசா ஒரு சாய்வு. நாந்தான் கேமராவச் சரியாக் குந்த வைக்கலன்னு முஸ்தாக் நானாகிட்ட குடுத்தேன். அவரு கம்பியூட்டர்ல இப்பிடித் தொட்டு இப்பிடித் திருப்பினாரு, மட்டமாயிருச்சு. ஏப்ரல்ல இன்னும் கொஞ்சம். ஜூன்ல பாத்துட்டு அவரு சொல்றாரு, என்னா தங்கச்சி, ஒங்க கேமரா மாசா மாசம் கூடக் குடிக்கிதா, வெறியில நிக்கிற மாதிரி நிக்கிது? நானும் சிரிச்சேன். அவரு திருப்பினாரு. திருப்புற அளவு மட்டும் மாசா மாசம் கூடிக்கிட்டே போச்சு.

இப்ப நீங்க படிச்சவங்க, நான் எட்டாம் வகுப்பு, இருந்தாலும் கேக்குறேன். தண்ணி சரியுமா மிஸ்? ஒரு கோப்பைய எடுத்துச் சாய்ங்க. கோப்பைதான் சாயும், உள்ள இருக்குற தேத்தண்ணி மட்டமாத்தான் நிக்கும். தண்ணி ஒருநாளும் சரியாது. அப்ப இந்தப் படத்துல சரிஞ்சு நிக்கிறது எது?

ஆமா.

தண்ணி இல்ல. பைப்பு. பைப்பும் இல்ல, பைப்பு நிக்கிற மண்ணு. நீங்களும் நானும் குந்தியிருக்கோமே, இந்த மண்ணு. கேமரா மலையோட சேந்து சாஞ்சு பாக்குது, அதனால அதுக்கு எது ஒழுங்கா நிக்கிதோ அதுதான் கோணலாத் தெரியுது.

பதறாதீங்க. மெதுவா. இப்பவே எந்திரிச்சு ஓடினா வழுக்கும். அசைவு நேத்து இன்னைக்கு வந்ததில்ல, ஒரு வருஷமா நகத்தளவு நகத்தளவா போவுது. ஆனா இந்த மூணு நாளா நான் பயப்படுறேன், அதையும் பாத்துட்டுப் போயிருங்க. தண்ணியோட நெறத்தப் பாருங்க. கலங்கல். மழை விட்டு நாலு நாள் ஆச்சு, மேல யாரும் மண்வெட்டி போடல, பீலிக்கு எங்கருந்து செம்மண்ணு வருது? உள்ள இருந்து வருது. அந்த எடது கரையப் பாருங்க, பெரணிச் செடியெல்லாம் கழுத்து வரைக்கும் முங்கிருச்சு. வலது பக்கம் கல்லு காஞ்சு கெடக்கு. குருவி ஏன் வரலன்னு இப்ப வெளங்குதா? சேத்துத் தண்ணியில அதுங்க குளிக்காது.

கல்லு உருண்டுச்சா இப்ப? எனக்கும் கேட்டுச்சு. சின்னக் கல்லுதான். வாங்க, போயிருவோம். கேமராவ நான் கழட்டுறேன், நீங்க மொதல்ல வெளிய போங்க. லயத்துப் பக்கம் எறங்காதீங்க, மேல, மேல ரோட்டுக்கு ஏறுங்க. தேயிலைச் செடியப் புடிச்சுக்கிட்டு ஏறுங்க, அது ஒங்களையும் என்னையும் தாங்கும், நாங்க அதுக்குப் பட்ட பாட்டுக்கு அதாவது செய்யட்டும்.

ஆதாரமா? இருக்கு. அதுக்குத்தான் ஒங்கள இங்க இழுத்துக்கிட்டு வந்தேன். கலண்டர்ல இருக்குறது நிமித்தின படம். நிமித்தாதது எல்லாம் கேமரா மெமரி கார்டுல அப்பிடியே கெடக்கு, தேதியோட, நேரத்தோட. ஒன்னுகூட அழிக்கல. பன்னெண்டையும் வரிசையா வச்சுப் பாருங்க, கல்லு ஒரே எடத்துல இருக்கும், தண்ணிக்கோடு மட்டும் மணிக்கூட்டு முள்ளு மாதிரி எறங்கிக்கிட்டே போவும். கலண்டர்ல ஏன் யாருக்கும் தெரியலன்னா, தண்ணிய நிமித்துனா பின்னால மலையோட நிக்கிற மரமெல்லாம் சாயணும்ல? சாஞ்சிருக்கு. ஆனா நாந்தான் அத அழகாக் கரைச்சு வச்சிருக்கேனே, பச்சைத் துணி மாதிரி. துணியில எது நேரு, எது கோணலு?

மூச்சு வாங்குதா? அந்தக் கல்லுல கைய வச்சு நில்லுங்க. ஒரு நிமிஷம்தான். போன் எடுக்காதீங்க, இங்க சிக்னல் கெடையாது, ரோட்டு வளைவுலதான் வரும்.

அது என்ன சத்தம்? லொறியா?

மணி இன்னும் மூணே கால்கூட ஆவல. நாலு மணின்னாங்களே! ஏத்திட்டாங்க மிஸ். கையெழுத்து எப்பிடியும் விழுந்துரும்னு முந்தியே ஏத்திட்டாங்க. அது நம்ம லொறிதான், அந்த ரெண்டாவது கியர் இழுவைய நான் மேடையிலயே செஞ்சு காட்டியிருக்கேன், தப்பாது. ஸ்கூலு எறக்கத்துல வருது. வளைவு தாண்டினா நேரா லயம். ஏறுங்க மிஸ்! பைலைக் குடுங்க, நான் தூக்குறேன். கவுன நனைச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, தண்ணிக் கானுக்குள்ள கால வச்சு ஏறுங்க, ஆங், அப்பிடி. எனக்குக் காலு பழக்கம், கூடையோட ஏறுன மலை. கையக் குடுங்க. ஒரே எம்பு.

நில்லுங்க, நடு ரோட்டுல நில்லுங்க! என்னையக் கண்டா சாரதி நிப்பாட்ட மாட்டான், விளையாட்டுன்னு நெனைச்சுக்குவான். போன மாசம்தான் பொலிஸ் விசில் அடிச்சு நிப்பாட்டி ஏமாத்தினேன். நீங்க நில்லுங்க. அந்த ஆபீஸ் அட்டையத் தூக்கிக் காட்டுங்க. இன்னும் உயர. உயர!

நின்னுருச்சு.

அப்பாடா.

அவங்க கத்துறதக் கண்டுக்காதீங்க மிஸ். முன்னுக்கு நின்னு வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்குறது இராக்கம்மாக்கா. லயத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா. வீடு வேணும், வீட்டுக்கு விடுங்கன்னு கத்துது. அதும் தப்பில்ல, பன்னெண்டு நாளு முப்பது பேருக்கு ஒரு கக்கூசு. ஒங்க மேல கோவமில்ல. என் மேலயும் இல்ல. இன்னும் இல்ல.

தொரையா போன்ல? அவருகிட்ட சொல்லுங்க. என்னவாம்? வீட்டு வேலைக்குப் போன பொம்பளை சொன்னத வச்சு எப்பிடி மேடம்னு கேக்குறாரா? கேப்பாரு. மைக்கப் புடிச்சு எல்லாரையும் சிரிக்க வைக்கிறவ, இன்னைக்கு மலை சரியுதுங்கிறா, நாளைக்குச் சூரியன் சரியுதும்பா. அதையும் சொல்லியிருப்பாரே. சொன்னாரா? நான் சொல்லல, அவரு கொரலு எனக்குள்ள எப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

வாக்குமூலம் எழுதணுமா. எழுதுங்க. எழுத்துல இருந்தாத்தான் மேல நிக்கும், வெளங்குது. லொறி பொனட்டு மேலயே வச்சு எழுதுங்க, சூடா இருக்கும், கடுதாசி காஞ்சாவது போவும். கேமரா மெமரி கார்டு இந்தா. கையில குடுத்துட்டேன், குடுத்தேன்னும் எழுதிக்கங்க.

பேரு விஜயலெட்சுமி. வயசு நாப்பத்தொம்பது. எட்டாம் நம்பர் காம்பரா. ஆமா, படம் எடுத்தது நான். நிமித்தச் சொன்னதும் நான். முஸ்தாக் நானா மேல ஒன்னும் எழுதாதீங்க, அவரு குடுத்த வேலையச் செஞ்சாரு. பைப்பு சாஞ்சிருக்குன்னு எப்பிடி உறுதியாத் தெரியும்னா, மேசன் ஸலீம் பாய்கிட்ட ரசமட்டம் வாங்கி பைப்புல ஒட்ட வச்சுப் பாத்தேன். நடுவுல நிக்க வேண்டிய அந்தக் குமிழி ஓரத்துல போயி ஒட்டிக்கிச்சு. ஆமாங்க, நானே பாத்தேன். எப்பவா? நேத்து.

ம், நேத்து. நேத்து சாயங்காலம்.

என்ன எழுதுறீங்க? வாசிங்க. மேற்படி விஜயலெட்சுமி ஆகிய நான் நேற்றைய தினம்...

எழுதிட்டீங்களா அத?

அடிச்சிருங்க மிஸ்.

இல்ல, பைப்பு சாஞ்சது நெசம். ரசமட்டமும் நெசம். நேத்துங்கிறத மட்டும் அடிங்க. தொரை ஸலீம் பாயக் கூப்புட்டுக் கேட்டா, பாய் பொய் சொல்ல மாட்டாரு, தொழுவுற மனுசன். அந்த ஒன்னு ஒடைஞ்சா மிச்சம் எல்லாத்தையும் ஒடைச்சுருவாங்க. பொறகு இந்த லொறி மறுபடி கெளம்பும். கிட்ட வாங்க, லொறியில கேக்க வேணாம். இன்னும் கிட்ட.

செப்டம்பர். பதினாலாந் தேதி.

ஆமா. மூணு மாசம். ஆகஸ்ட் வரைக்கும் நிமித்தினதெல்லாம் தெரியாம நிமித்தினது. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர் மூணும் தெரிஞ்சே நிமித்தினது. முஸ்தாக் நானா கம்பியூட்டர்ல திருப்புறப்ப நான் பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம் நானா, இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்.

தொரை மெரட்டினாரா? இல்லைங்க. யாரும் ஒன்னும் குடுக்கல, யாரும் மெரட்டல. அப்பிடி எழுதினா எனக்கு லேசா இருக்கும், தெரியும். ஆனா இல்ல.

ஆகஸ்ட்ல புதுசா ஒரு குருவி வந்துச்சு மிஸ். கறுப்புன்னும் சொல்ல முடியாது, நீலம்னும் சொல்ல முடியாது, தோளுல மட்டும் ஒரு பொட்டு நீலம், தீக்குச்சி ஒரசினாப்புல. காட்டு ஓடையவிட்டு வெளிய வராத சாதி. நான் பொறந்ததுலருந்து இந்த மலையில இருக்கேன், அதுக்கு மின்ன கண்டதில்ல. அது கொரல மட்டும் எனக்குச் செய்ய வரல, எம்புட்டு முயற்சி பண்ணியும் வரல. வெளிச்சம் வந்தும் வராம இருக்குறப்ப வரும், கல்லுல நிக்கும், ஒரு தடவை குனியும். அது குனியிறப்ப தண்ணிக்குள்ள இருந்து இன்னொன்னு நிமிரும். ரெண்டு மூக்கும் தொடுற எடம் ஒன்னு இருக்கு, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள. பாபா அறுபது வருஷம் அந்த ஒரு படத்துக்கு அலைஞ்சு கெடைக்காமயே போயிட்டாரு.

மலை நகருதுன்னு சொன்னா கயித்தக் கட்டி யாரையும் உள்ள விட மாட்டீங்க. குடில் போயிரும். கொளம் போயிரும். ஒரு வாரம்னு நெனச்சேன். பொறகு இன்னொரு வாரம். எனக்குப் பின்னால பதினெட்டு வீட்டுலயும் புள்ளைங்க தூங்கிக்கிட்டு இருந்துச்சு, எனக்கு அது நெனவு இல்லாம இல்ல. நெனச்சுக்கிட்டேதான் குந்தியிருந்தேன்.

எழுதினத சத்தமா வாசிச்சுக் காட்டணுமா? இவங்க முன்னுக்கா? சட்டம்னா வாசிங்க. சுரேசு அங்க பாக்குறாரு... பரவாயில்ல, வாசிங்க.

கெடைக்கல மிஸ். அந்தப் படம் விழுந்துச்சான்னு கேட்டீங்கல்ல. தொண்ணூறு நாளு, ஒரு தடவைகூட அந்த எடத்துல விழல. அந்தப் படம் மட்டும் கெடைச்சிருந்தா மறுநாளே வந்து சொல்லியிருப்பேன். அதையும் சேத்து எழுதிக்கங்க.